மூட்டு வீங்கினால் ஆறு வாரம் பின்னோக்கி எழுதுங்கள்

என் இடது முழங்கால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வீங்கியிருந்தது. முந்தின இரவு நன்றாகத்தான் இருந்தது. விழவில்லை, அடிபடவில்லை. நான்காம் நாள் வலது குதிகாலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. அடுத்த வாரம் இடது கண் சிவந்தது. முதலில் பார்த்த மருத்துவர் "எங்கேயாவது விழுந்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வலி மாத்திரை எழுதித் தந்தார். கண்ணுக்கு வேறொருவரிடம் போனேன். சொட்டு மருந்து கிடைத்தது. முழங்காலுக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை. மூன்றாவதாகப் போன மூட்டுவாத நிபுணர்தான் காலைத் தொடும் முன்பே கேட்டார்: "போன மாசம் வயித்துப்போக்கு ஏதாவது வந்துச்சாம்மா?"

வந்திருந்தது. முழங்கால் வீங்குவதற்குப் பதினெட்டு நாள் முன்பு, காய்ச்சலோடு மூன்று நாள் பேதி. தானாக நின்றுவிட்டது. மறந்தே போயிருந்தேன்.

நான் பிழை திருத்தும் வேலை செய்கிறவள். நாற்பதாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் குழம்பிக் கிடந்தால், கோளாறு பெரும்பாலும் முப்பத்தெட்டாம் பக்கத்தில் விடுபட்ட ஒரு வரியில் இருக்கும். தினமும் செய்கிற அந்த வேலையை என் உடம்புக்குச் செய்யத் தெரியாமல் ஐந்து வாரம் போய்விட்டது. மூட்டு வீங்கிய நாளுக்கு முந்தைய ஆறு வாரத்தை எப்படி எழுதுவது, அதில் எந்தக் கிருமியின் தடம் இருக்கலாம், அதை மருத்துவரிடம் எப்படிக் கொண்டு போவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். எனக்கு வந்ததற்கு ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ் என்று பெயர். தமிழில் எதிர்வினை மூட்டழற்சி. என் அம்மாவுக்கு இருப்பது முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு. ஒரே வீட்டில் இரண்டு நோய். இரண்டிலும் கிருமிக்குப் பங்கு உண்டு, ஆனால் ஒரே பங்கு அல்ல. அந்த வித்தியாசம் தெரிந்தால்தான் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பது பிடிபடும்.

எழுத உட்காரும் முன்

ஒரே ஒரு மூட்டு, திடீரென்று, தொட்டால் சுடுகிறது, சிவந்திருக்கிறது, அசைக்கவே முடியவில்லை, காய்ச்சலும் இருக்கிறது என்றால் பேனாவை எடுக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அது மூட்டுக்குள்ளேயே கிருமி புகுந்து சீழ் பிடிக்கும் நோயாக இருக்கலாம். பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா செய்வது அது. சில நாட்களிலேயே குருத்தெலும்பைத் தின்றுவிடும். மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். "நீர் எடுக்கணும்" என்று சொன்னால் பயந்து மறுக்காதீர்கள். எனக்கும் எடுத்தார்கள், ஒரு சிரிஞ்சு நிறைய, கலங்கலான மஞ்சள் நீர். பரிசோதனைக் கூடத்தில் வளர்த்துப் பார்த்தார்கள், எந்தக் கிருமியும் வளரவில்லை. நோய் எது என்பதை முடிவு செய்ய அந்த "வளரவில்லை" முக்கியமாக இருந்தது. நீர் எடுத்துப் பார்க்கும் முன்பே மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால், "சீழ் இல்லைன்னு உறுதி பண்ணிட்டீங்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

ஆறு வாரப் பக்கம்

ஒரு தாள் போதும். மூட்டு முதலில் வீங்கிய தேதியைக் கீழே எழுதுங்கள். அங்கிருந்து மேல்நோக்கி, வாரம் வாரமாகப் பின்னால் போங்கள். நினைவை மட்டும் நம்ப வேண்டாம். போனில் இருக்கும் படங்கள், விடுப்புக் கடிதம், மருந்துக் கடை ரசீது, "இன்னைக்கு உடம்பு சரியில்ல" என்று யாருக்கோ அனுப்பிய செய்தி, எல்லாவற்றையும் புரட்டுங்கள். என் பேதியின் தேதி அப்படி ஒரு செய்தியில்தான் கிடைத்தது.

முதலில் வயிறு. சால்மொனெல்லா, ஷிகெல்லா, கேம்பிலோபாக்டர், யெர்சினியா என்ற நான்கு பாக்டீரியாக்கள் குடலில் தொற்றிய பிறகு, வழக்கமாக ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் மூட்டு வீங்கக்கூடும். பேதி எத்தனை நாள், ரத்தம் போனதா, காய்ச்சல் இருந்ததா, வீட்டில் வேறு யாருக்கும் வந்ததா என்று குறியுங்கள்.

அடுத்தது பலரும் சொல்லத் தயங்குவது. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், கசிவு, புதிய பாலுறவு. கிளமிடியா ட்ரக்கோமேடிஸ் என்ற பாக்டீரியாவும் இதே மூட்டழற்சியைத் தூண்டும். தொற்று இருப்பதே தெரியாமல் இருப்பவர்கள் ஏராளம், அதிலும் பெண்கள். உங்களுக்கு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் சாத்தியம் இருந்தால் எழுதுங்கள். சொல்ல வாய் வராவிட்டால் தாளை நீட்டுங்கள், அது சொல்லிக்கொள்ளும். இந்த ஒரு வரியை மறைத்தால் உங்களுக்கும் துணைக்கும் கிடைக்க வேண்டிய சிகிச்சையே தவறிப்போகும்.

தொண்டைவலி, குறிப்பாக ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு வந்தது. இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டையில் தொற்றி, இரண்டு மூன்று வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சலாகத் திரும்பலாம். இன்று முழங்கால், அது தணியும்போது கணுக்கால், பிறகு முழங்கை என்று வலி இடம் மாறிக்கொண்டே இருக்கும். மூட்டு முழுசாகச் சரியாகிவிடும். ஆனால் இதய வால்வு பழுதாகி நின்றுவிடலாம், அதுதான் கொடுமை. வலி மாத்திரை கொடுத்தால் ஓரிரு நாளில் மூட்டு தணிந்துவிடுவதால், இடம் மாறுவதை யாரும் கவனிக்காமலே போய்விடுகிறது. பிள்ளைக்கு எந்த நாளில் எந்த மூட்டு வலித்தது என்று மாத்திரைக்கு முன்பே எழுதி வையுங்கள். இந்த நோய் உறுதியானால் மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, வருடக் கணக்கில். ஒரு தவணையைக்கூட விடக் கூடாது.

காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு வந்ததா என்பதும் வேண்டும். சிக்குன்குனியா வைரஸ் மாதக் கணக்கில் மூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பார்வோவைரஸ் பி19 பெரியவர்களுக்கு வந்தால் இரண்டு கை விரல் மூட்டுகளும் ஒரே மாதிரி வீங்கி, அசல் முடக்குவாதம் போலவே தெரியும். பெரும்பாலும் சில வாரங்களில் போய்விடும். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் மூட்டுவலியோடு வரலாம். உண்ணி கடித்து வளையமாகச் சிவந்திருந்தால் அதையும் எழுதுங்கள். லைம் நோய் அப்படித்தான் தொடங்கும். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் லைம் என்ற ஊரில் ஏராளமான பிள்ளைகளுக்கு ஒரே சமயத்தில் மூட்டு வீங்குகிறதே என்று தாய்மார்கள் 1975ஆம் ஆண்டில் விடாமல் கேட்டதால்தான் அந்த நோய்க்கே தனிப் பெயர் வந்தது. நோயை உண்டாக்கும் பொரீலியா பாக்டீரியா பிறகு 1982இல் அறிவிக்கப்பட்டது. வீட்டில் இருப்பவர்கள் எழுதி வைப்பதன் மதிப்பு என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

கடைசியாக, மூட்டுக்கு வெளியே நடந்தது. கண் சிவப்பு, வெளிச்சம் பட்டால் கூசுவது, குதிகால் வலி, ஒரு கால்விரல் மட்டும் அடி முதல் நுனி வரை பருத்துப்போவது, உள்ளங்காலில் தோல் உரிவது, வாய்ப்புண். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருத்துவரைப் பார்த்திருப்பீர்கள். தாளில் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்போதுதான் அவை ஒரே கதை என்று தெரியும்.

கிருமி என்னதான் செய்கிறது

மூட்டு நீரில் கிருமி வளரவில்லை என்றால் கிருமிக்கு என்ன சம்பந்தம் என்று நானும் கேட்டேன். எனக்குக் கிடைத்த பதில் மூன்று விதமாக இருந்தது.

முதல் விதம், கிருமி போனாலும் அதன் துண்டுகள் தங்கிவிடுவது. யெர்சினியா தொற்றுக்குப் பின் மூட்டு வீங்கியவர்களின் மூட்டு நீரில் இருந்த அணுக்களுக்குள், அந்தப் பாக்டீரியாவின் மேலுறைப் பொருளை ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 1989இல் கண்டார்கள். உயிருள்ள பாக்டீரியா அங்கே வளரவில்லை, அதன் மிச்சம் இருந்தது. காவலுக்கு நிற்கும் அணுக்கள் அந்த மிச்சத்தோடுதான் சண்டை போடுகின்றன, சண்டை நடக்கும் இடம் நம் முழங்காலாக இருக்கிறது.

இரண்டாவது, ஆள்மாறாட்டம். வலி, வழி, வளி மூன்றையும் வேகமாகப் படிக்கிற கண் குழப்பிக்கொள்ளும். ஸ்ட்ரெப்டோகாக்கஸின் மேலே இருக்கும் எம் புரதமும் நம் இதயத் தசையின் மயோசினும் அப்படித்தான், சில இடங்களில் ஒன்றை ஒன்று ஒத்திருக்கும். கிருமிக்கென்று தயாரான எதிர்ப்பொருள் நம் திசுவிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. ருமாட்டிக் காய்ச்சலின் அடிப்படை இது.

மூன்றாவதுதான் அம்மாவின் நோய்க்கு நெருக்கமானது, நான் அதிகம் யோசித்ததும் இதைத்தான். நம் புரதங்களில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடத்தைச் சில நொதிகள் சிட்ருலின் ஆக மாற்றிவிடும். 'மனம்' என்ற சொல்லில் ஒரெழுத்து மாறி 'மணம்' ஆவது போல. சொல் அதேதான் என்று தோன்றும், ஆனால் பொருள் வேறு. எதிர்ப்புச் சக்தி அந்த மாறிய புரதத்தை அந்நியம் என்று எடுத்துக்கொண்டால், அதற்கு எதிராக ஆன்டி சிசிபி என்ற எதிர்ப்பொருள் உருவாகிறது. வீங்கிச் சிதைந்த ஈறில் வாழும் போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்ற பாக்டீரியாவிடம் இந்த மாற்றத்தைச் செய்யும் சொந்த நொதியே இருக்கிறது. ஈறில் வாழும் இன்னொன்று, அக்ரிகேட்டிபாக்டர், நம் வெள்ளணுக்களைத் துளைத்து உள்ளேயிருக்கும் நொதிகளைக் கட்டவிழ்த்துவிடுகிறது. புகைபிடிப்பவர்களின் நுரையீரலிலும் இதே எழுத்து மாற்றம் நடக்கிறது.

கிருமி மட்டும் போதுமா? போதாது. 1962இல் ஒரு அமெரிக்கப் போர்க்கப்பலில் 602 பேருக்கு ஷிகெல்லா சீதபேதி வந்தது. மூட்டு நோய் வந்தது 9 பேருக்கு. மற்றவர்களுக்கும் அதே கிருமிதான். மறுபக்கம், எச்எல்ஏ பி27 என்ற மனித மரபணுவைப் புகுத்திய எலிகளை எந்தக் கிருமியும் இல்லாத கூண்டில் வளர்த்தபோது அவற்றுக்கு மூட்டு வீங்கவே இல்லை. சாதாரணக் கூண்டில் வளர்ந்தவற்றுக்கு வீங்கியது. மரபணு இருந்தும் கிருமி இல்லாவிட்டால் நோய் இல்லை, கிருமி இருந்தும் உடல்வாகு இல்லாவிட்டால் நோய் இல்லை. "நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று இரவில் கிடந்து யோசிப்பவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் எதுவும் செய்யவில்லை.

முடக்குவாதத்துக்கு ஆறு வாரம் போதாது

அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் தொடங்கியது. காலையில் எழுந்தால் இரண்டு மணி நேரம் விரல் மடங்காது. சட்டைப் பொத்தான் போடவே என்னைக் கூப்பிடுவார். அவருக்கும் ஆறு வாரப் பக்கம் எழுதிப் பார்த்தோம், ஒன்றும் அகப்படவில்லை. காரணம், முடக்குவாதத்தின் முன்கதை வருடக் கணக்கானது. ரத்த தானம் செய்தவர்களின் பழைய மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது, வீக்கம் தொடங்கப் பல ஆண்டுகள் முன்பே எதிர்ப்பொருள் இருந்திருக்கிறது. ஆகவே இங்கே எழுத வேண்டியது வேறு. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் எத்தனை வருடமாக வருகிறது, எத்தனை பல் ஆடி விழுந்தது, புகைப் பழக்கம் உண்டா, ரத்த உறவில் யாருக்கு மூட்டு நோய். அம்மா பத்து வருடமாக ஈறில் ரத்தம் வருவதைச் சாதாரணம் என்றே நினைத்திருந்தார்.

குடலும் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. நியூயார்க்கில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், முடக்குவாதம் புதிதாகத் தொடங்கி மருந்து எடுக்காதவர்களில் 75 சதவீதம் பேரின் மலத்தில் பிரெவோடெல்லா கோப்ரி என்ற பாக்டீரியா இருந்தது; ஆரோக்கியமானவர்களில் 21 சதவீதத்தில் மட்டும். நோயை அதுதான் உண்டாக்கியது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. நோய் வந்ததால் அது பெருகியிருக்கவும் கூடும். இதை வைத்துக் குடலைச் சுத்தம் செய்கிறேன் என்று விற்கப்படும் எதையும் நான் அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கவில்லை.

"ஏண்டி, பல்லையெல்லாம் எடுத்துட்டா கை வலி போயிடும்ங்கறாங்களே, நிஜமா?" என்று அம்மா ஒருநாள் கேட்டார். இந்த யோசனைக்கு நூறு வயது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிகாகோவின் ஃபிராங்க் பில்லிங்ஸ் போன்ற மருத்துவர்கள், பல்லிலும் டான்சிலிலும் ஒளிந்திருக்கும் தொற்றுதான் மூட்டு நோய்க்கு மூலம் என்று நம்பினார்கள். எத்தனையோ பேர் நல்ல பற்களையும் இழந்தார்கள், மூட்டு சரியாகவில்லை. ஈறுக்கும் மூட்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதில் அவர்கள் முற்றிலும் தவறவில்லை; பிடுங்கினால் தீரும் என்பதில்தான் தவறினார்கள். எதிர்ப்பொருள் ஒருமுறை உருவாகிவிட்டால், தூண்டிய இடத்தை அகற்றினாலும் நோய் தன் போக்கில் போகும். அம்மாவுக்கு ஈறைச் சுத்தம் செய்தோம், ஆழமான இடங்களில் வேர் வரை. பல்லைப் பிடுங்கவில்லை. ரத்தம் நின்றது. மூட்டு மருந்து தொடர்ந்தது.

பரிசோதனைத் தாளைப் படிக்கும்போது

ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் உடலில் அழற்சி இருக்கிறது என்று மட்டும் சொல்லும், எங்கே ஏன் என்று சொல்லாது. ஆர்ஏ ஃபேக்டர் என்ற எதிர்ப்பொருள் பாசிட்டிவ் என்றவுடன் உடைந்துபோக வேண்டாம். நலமாக இருக்கும் முதியவர்களிடமும், ஹெபடைடிஸ் சி, காசநோய் போன்ற தொற்று உள்ளவர்களிடமும் அது பாசிட்டிவ் ஆகும். ஆன்டி சிசிபிக்கு எடை அதிகம், குறிப்பாக அளவு மிக உயர்ந்திருந்தால். எச்எல்ஏ பி27 எனக்கு பாசிட்டிவ். ஆனால் அந்த மரபணு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மூட்டு நோய் வருவதே இல்லை, எதிர்வினை மூட்டழற்சி வந்தவர்களிலும் பலருக்கு அது கிடையாது. ஏஎஸ்ஓ என்ற ரத்தப் பரிசோதனையில் அளவு உயர்ந்திருந்தால் சமீபத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வந்துபோனது என்று அர்த்தம், அது ஒன்றை மட்டும் வைத்து ருமாட்டிக் காய்ச்சல் என்று முடிவு கட்ட முடியாது. ஒரு எண்ணைத் தனியாக நம்பாமல் உங்கள் தாளோடு சேர்த்து வைத்துக் கேளுங்கள்.

முன்னோக்கியும் எழுதுங்கள். வைரஸால் வரும் மூட்டுவலி பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் தணியத் தொடங்கும். ஆறு வாரத்தைத் தாண்டியும் வீக்கம் நீடிப்பது முடக்குவாதத்தைக் கணிக்கும் அளவுகோல்களில் ஒன்று. அதற்காக ஆறு வாரம் காத்திருந்து மருத்துவரைப் பார்க்க வேண்டாம். முடக்குவாதத்தில் சீக்கிரம் தொடங்கும் மருந்துக்கு நிகரானது எதுவும் இல்லை.

மருந்து விஷயத்தில்

கிருமிதான் தூண்டியது என்றால் ஆன்டிபயாடிக் போட்டால் தீருமே? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கிளமிடியா இருந்தால் கண்டிப்பாகப் போட வேண்டும், துணைக்கும் சேர்த்து. லைம் நோய்க்கு வேண்டும். ருமாட்டிக் காய்ச்சலுக்குப் பென்சிலின் வேண்டும். ஆனால் என்னைப் போலக் குடல் தொற்று முடிந்தபின் மூட்டு வீங்கியவர்களுக்கு ஆன்டிபயாடிக் மூட்டைச் சீக்கிரம் ஆற்றாது. கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் உண்டு, அது எனக்கு மிகவும் பிடிக்கும். ஸ்வீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற மருத்துவர், முடக்குவாதம் தொற்றால் வருகிறது என்று கருதி, கிருமியைக் கொல்லும் சல்ஃபா மருந்தையும் அழற்சியைத் தணிக்கும் சாலிசிலேட்டையும் ஒரே மூலக்கூறாக இணைக்கச் செய்தார். அப்படி வந்ததுதான் சல்ஃபாசலசின். இன்றும் முடக்குவாதத்துக்கும் குடல் அழற்சிக்கும் கொடுக்கிறார்கள். அந்த மூலக்கூறைப் பெருங்குடலில் இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது யார் தெரியுமா? அங்கே வாழும் பாக்டீரியாக்கள். என் முழங்கால் மூன்று மாதத்தில் அடங்காதபோது எனக்கும் அதையே கொடுத்தார்கள். ஏழாவது மாதம் மாடி ஏறினேன்.

அம்மாவுக்கு மெத்தோட்ரெக்சேட், முடக்குவாதத்தை அடக்கும் மருந்து. இது வாரத்துக்கு ஒருமுறை மட்டும் போடும் மாத்திரை. தவறிப்போய்த் தினமும் போட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. ஒரு கிழமையைத் தேர்ந்தெடுத்து அட்டையின் மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு.

இந்த மருந்துகள் எதிர்ப்புச் சக்தியை அடக்குவதால் கிருமி மறுபடியும் கதைக்குள் வருகிறது, இந்த முறை வேறு வேடத்தில். அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தை முடக்கும் ஊசி மருந்தைத் தொடங்கும் முன் உடலில் உறங்கும் காசநோய் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். உறங்குவதை அந்த ஊசி எழுப்பிவிடும். ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் அப்படியே. தடுப்பூசி எதுவானாலும் போடும் இடத்தில் "எதிர்ப்பு சக்தியை அடக்குற மருந்து சாப்பிடறேன்" என்று முதலில் சொல்லுங்கள், உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகளைத் தவிர்க்க வேண்டியிருக்கலாம். காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் பார்ப்போம் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரை அழையுங்கள். அடுத்த தவணையைப் போடலாமா என்று அவர் சொல்லட்டும். ஆனால் காய்ச்சல் எதுவும் இல்லாமல், "மருந்து கிருமியை வரவழைக்குமாம்" என்ற பயத்தில் மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அம்மா ஒருமுறை இரண்டு மாதம் நிறுத்தினார். அதற்குள் வலது கை நடுவிரல் கோணிவிட்டது, பழையபடி நிமிரவில்லை.

தாளின் மேல் மூலையில் மூன்று வரி தனியாக எழுதுங்கள்: முதலில் வீங்கிய மூட்டும் தேதியும், அதற்கு முன் வந்த தொற்றும் தேதியும், இப்போது சாப்பிடும் மருந்துகள். மருத்துவருக்கு நேரம் குறைவாக இருந்தாலும் அந்த மூன்றைப் படித்துவிடுவார். நாற்காலியில் உட்கார்ந்ததும் வலியைச் சொல்லத் தொடங்கும் முன் தாளைக் கொடுங்கள்.